பாதியில் நின்றவனுக்கு என்ன மிச்சம்?

திருச்சி தில்லை நகரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "நேரா போங்க சார். செவன்த் க்ராஸ் தாண்டி எய்த் க்ராஸ்ல லெஃப்ட் எடுங்க. மூணாவது காம்ப்ளெக்ஸ்" என்று பதில் வரும். சொல்கிறவர் இளநீர் வெட்டுகிறவராக இருக்கலாம். மல்லிகைச் சரம் அளந்து கொடுக்கிற அம்மாவாக இருக்கலாம். நாம் சுத்தத் தமிழில் 'எட்டாவது குறுக்குத் தெரு எங்கேம்மா?' என்று கேட்டால் அவர்தான் ஒரு நிமிஷம் முழிப்பார்.

க்ராஸ், லெஃப்ட், காம்ப்ளெக்ஸ். மூன்றுமே ஆங்கிலச் சொற்கள். மூன்றையும் பொருள் பிசகாமல், இடம் பிசகாமல், ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் பேசிவிட்டார் அந்த அம்மா. அவருக்கு யாரும் டிக்டேஷன் போட்டதில்லை. டிக்‌ஷனரி வாங்கிக் கொடுத்ததில்லை.

அதே தெருவில் மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ், போட்டித் தேர்வுப் பயிற்சி, வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலப் பரீட்சை. உள்ளே நம் பிள்ளைகள் சொல்லும் பொருளும் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'அபண்டன்ஸ் - மிகுதி, அபண்டன்ஸ் - மிகுதி.' நூறு தடவை சொன்ன பிறகு, 'இதைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுது' என்றால் பேனா நகராது. அப்படியே நகர்ந்தாலும், 'ஐ ஸா அபண்டன்ஸ்' என்று எழுதிவிட்டு, சிவப்பு மைக்காகக் காத்திருக்கும்.

பூக்கார அம்மாவுக்குச் சுலபமாக வந்த விஷயம், பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

இது இன்று நேற்றுக் கேள்வி இல்லை. இருநூறு வருஷத்துக்கும் மேலான கேள்வி. அதன் வரலாற்றில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் வருகின்றன. டாக்கா வருகிறது. டோக்கியோவும் வருகிறது. வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

முதலில், கடனைத் திருப்பி எழுதுவோம். தில்லை நகரை ஒட்டினாற்போல இருக்கிறது உறையூர். சோழர்களின் பழைய தலைநகரம் என்பது பாடப் புத்தகப் பெருமை. வெள்ளைக்காரர்களுக்கு அது வேறு காரணத்துக்காகப் பிரியமான ஊர். சுருட்டு! 'டிரிச்சினாபலி' என்று சொன்னாலே லண்டன் கனவான்களுக்கு ஊர் ஞாபகம் வராது, புகைதான் ஞாபகம் வரும். 1887-ல் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய நாவலிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார்.

நம் 'சுருட்டு'தான் அவர்கள் வாயில் 'செரூட்' ஆனது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' சூப் ஆனது. இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குக் குடிபோன சொற்களையெல்லாம் திரட்டி, 1886-ல் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று ஓர் அகராதி வந்தது. அதை ஆக்கிய இருவர் யூல், பர்னெல். இதில் பர்னெல் யார் தெரியுமா? தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

கவனியுங்கள். எந்த ஆங்கிலேயச் சிப்பாயும் 'செரூட் என்றால் சுருட்டப்பட்ட புகையிலை' என்று நெட்டுருப் போடவில்லை. கடைக்குப் போனான், கேட்டான், வாங்கினான், பற்றவைத்தான். அடுத்த நாள் மறுபடியும் கேட்டான். சொல் ஒட்டிக்கொண்டது. நம் பூக்கார அம்மாவின் வழியும் அதேதான்.

அப்படியானால் நாம் மட்டும் எப்படிப் பட்டியலுக்குள் போய் மாட்டிக்கொண்டோம்?

ஆரம்பத்தில் அப்படி இல்லை. கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1762 வாக்கில் திருச்சிக்கு வந்தார். கோட்டைப் பகுதியில் 1766-ல் அவர் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் இருக்கிறது. அவருக்கே ஆங்கிலம் தாய்மொழி இல்லை. தமிழைக் கற்றது போலவே ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்டவர். 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் நம்மவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் வருவதற்கு அவரும், தஞ்சாவூர் ரெசிடென்ட்டாக இருந்த ஜான் சல்லிவனும் காரணம். கும்பெனியார் 1787-ல் அந்தப் பள்ளிகளுக்குத் தலா வருஷத்துக்கு 250 வராகன் மானியம் கொடுத்தார்கள். மெக்காலே தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதியது 1835-ல். அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்னாலேயே நம் பக்கத்தில் கடை திறந்தாகிவிட்டது.

ஷ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் ஆங்கிலத்தை எப்படிப் பழகினார் என்பதற்குச் சரஸ்வதி மகால் நூலகமே சாட்சி. புத்தகங்களை வரவழைத்து, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு, படித்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை விவரங்களைப் படத்தோடு ஆங்கிலத்தில் எழுதி வைக்கச் செய்தார். நம் காலத்து 'கேஸ் ஷீட்'தான் அது. வேலைக்காக எழுதிய மொழி. 1826-ல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர் அசந்து போனார். பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் ஷேக்ஸ்பியரையும் பற்றி இந்த ராஜா சரளமாகப் பேசுகிறாரே என்று வியந்து எழுதினார். அங்கிருந்து திருச்சிக்கு வந்த ஹீபர், சில நாட்களிலேயே, 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி, குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். திருச்சியில் அவர் பெயரில் கல்லூரி இருப்பதற்கு இதுதான் பின்னணி.

சரபோஜி ராஜா. அவருக்குப் புத்தகம் இருந்தது, குரு இருந்தார், நேரம் இருந்தது. சாதாரணப் பையனுக்கு?

அவனுக்குக் கிடைத்தது பட்டியல்.

அகராதிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. சென்னை வேப்பேரியில் ஃபப்ரீஷியஸ் 1779-ல் தமிழ் - ஆங்கில அகராதியை அச்சிட்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோவின் பெரிய அகராதி 1862-ல் வந்தது. அதில் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இரண்டுமே அசுர உழைப்பு. ஆனால் அவை தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரருக்குத்தான் முதலில் உதவின. அவருக்குச் சுற்றிலும் தமிழ் பேசுகிற ஜனங்கள் இருந்தார்கள். அகராதியில் பார்த்த சொல்லைச் சாயங்காலமே கடைத்தெருவில் கேட்கலாம். ஆங்கிலம் கற்க வந்த கிராமத்துப் பையன் சாயங்காலம் எந்தக் கடைத்தெருவுக்குப் போவான்?

கல்கத்தாவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கிலச் சொல்லையும் வங்காளிப் பொருளையும் எதுகை சேர்த்துப் பாட்டாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து வங்காளி எழுத்தாளர் ராஜ்நாராயண் பாசு இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாட்டில் தத்துவஞானியும் உழவனும் பூசணிக்காயும் வெள்ளரிக்காயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காதுக்கு இனிமை. ஆனால் வினைச்சொல்லே கிடையாது. அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன பேச முடியும்? தத்துவஞானி வெள்ளரிக்காய் வாங்கினார் என்று சொல்லக்கூட 'வாங்கு' என்ற சொல் வேண்டுமே!

இதெல்லாம் வேடிக்கை. ஆனால் பரீட்சை வந்தபோது வேடிக்கை நின்றுபோனது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆங்கிலம் தேறினால் உத்தியோகம், தேறாவிட்டால் வீடு. மற்றப் பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

ஒரே ஒரு உதாரணம் போதும். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் ஒரு பையன். கணக்கைத் தவிர வேறெதிலும் புத்தி போகவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பிறகு சென்னையில் படித்துப் பார்த்தார், அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். ஆம், சீனிவாச ராமானுஜன்தான். அந்த அலுவலகத்தில் அவருடைய மேதைமையைப் புரிந்துகொண்டு தாங்கிப் பிடித்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஒரு காலத்தில் கணக்கு நடத்திய நாராயண ஐயர். அப்படி ஒருவர் இல்லாத ராமானுஜன்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இதே கும்பகோணம் கல்லூரி இன்னொருவரையும் தந்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. 'வெள்ளி நாக்குக்காரர்' என்று ஆங்கிலேயர்களே பட்டம் கொடுக்கும் அளவுக்கு ஆங்கிலம் பேசினார். ஒரே கல்லூரி, ஒரே பாடத்திட்டம். ஒருவருக்கு மகுடம், ஒருவருக்கு வீட்டை விட்டு ஓட்டம். நாம் எப்போதும் மகுடத்தைத்தான் உதாரணம் காட்டுகிறோம். பாதியில் நின்றவனைப் பற்றி யார் யோசித்தது?

யோசித்த ஒருவர் இருந்தார். பெயர் மைக்கேல் வெஸ்ட்.

வெஸ்ட் ஆங்கிலேயர். இந்தியக் கல்விப் பணியில் டாக்காவுக்கு வந்தவர். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். 1926-ல் வங்காளப் பள்ளிகளை ஆராய்ந்து இருமொழிக் கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி, பி.காம். படித்த எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பாடத்திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும், கடைசி வகுப்பு வரை வருகிற பையனை மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் சேர்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் படிப்பின் 'சரண்டர் வேல்யூ' என்ன?

சரண்டர் வேல்யூ! இன்ஷ்யூரன்ஸ் சொல். உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். இருபது வருஷத்துக்கு ஒரு எண்டோமென்ட் பாலிஸி எடுக்கிறோம். நடுவில் பணமுடை. பாலிஸியை ஒப்படைத்துவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்குமோ அதுதான் சரண்டர் மதிப்பு. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் தேறாது. கட்டியது கட்டியதுதான்.

ஆங்கிலப் படிப்பும் அப்படித்தான் இருந்தது. இலக்கணத்தின் முதல் பாகம், செய்யுளில் பத்து வரி, எழுத்துக்கூட்டல், 'ஏ'யில் தொடங்கும் சொற்கள். எல்லாம் அஸ்திவாரம். வீடு பத்தாவது வருஷத்தில்தான் எழும்பும். நாலாவது வருஷம் அப்பா இறந்து, பையன் வேலைக்குப் போனால் அவன் கையில் அஸ்திவாரக் கல் நாலுதான் மிச்சம். அதில் படுத்துத் தூங்க முடியுமா? அகராதியை 'ஏ'யிலிருந்து நெட்டுருப் போடத் தொடங்கி 'சி'யோடு படிப்பை நிறுத்தியவன், ஆயுசுக்கும் 'டோர்' தெரியாமல் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

வெஸ்ட் சொன்ன மாற்று ரொம்ப எளிமை. எந்த நாளில் நிறுத்தினாலும், அதுவரை படித்ததற்கு ஏற்ற பலன் கையில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதை முதலில் கொடுப்பது. அப்போது பிள்ளைகள் படித்த பாடநூல்களில் பழைய செய்யுள் ஆங்கிலச் சொற்கள் மண்டிக் கிடந்தன. அவர் களையெடுத்தார். 'நாட்' என்று இருந்தால் 'நத்திங்'. 'மோட்' என்று இருந்தால் 'வே'. முதலில் இது தெரியட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, புதுச் சொற்களைக் கொட்டிக் குவிக்காமல் தூவி விதைப்பது. பக்கத்துக்குப் பத்துப் புதுச் சொல் வந்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டு அகராதியைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது தெரிந்த சொல்லுக்கு நடுவே ஒரு தெரியாத சொல் என்றால், அந்த ஐம்பது பேரும் சேர்ந்து புதியவனைக் கைப்பிடித்து அறிமுகம் செய்து வைத்துவிடுவார்கள். பிறகு அதே சொல் அடுத்தடுத்த பக்கங்களில் மறுபடி மறுபடி வரவேண்டும். இந்தக் கணக்கில் எழுதப்பட்டவைதான் அவருடைய 'நியூ மெத்தட்' வாசிப்பு நூல்கள்.

1935-ல் என்டிகாட் என்பவரோடு சேர்ந்து அகராதியும் போட்டார். சுமார் 24 ஆயிரம் சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கம். 1953-ல், ஆங்கிலத்தில் மிக அவசியமான ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியல் அவர் பெயரில் வந்தது. சும்மா குத்துமதிப்பாகப் பொறுக்கியது இல்லை. லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட எழுத்துக் குவியலை எண்ணிப் பார்த்து, ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருந்தால் எந்தப் பொருளில் எத்தனை சதவிகிதம் புழங்குகிறது என்று கணக்குப் போட்ட பட்டியல். சாதாரணமாக நாம் படிக்கிற ஆங்கிலப் பக்கத்தில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தை இந்த இரண்டாயிரமே நிரப்பிவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. வின்ஸ்லோவின் 67 ஆயிரத்தை நினைத்து மலைத்துப் போயிருப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இதே சமயம் ஜப்பானில் இன்னொரு வேலை நடந்தது. ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1922-ல் டோக்கியோ போனார். அவரோடு பின்னால் சேர்ந்துகொண்டவர் ஏ.எஸ். ஹார்ன்பி. பாமரின் ஆராய்ச்சி சொல்லைத் தாண்டி, சொல் சேரும் கூட்டாளிகள் மேல் திரும்பியது. 'வான்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் 'வேண்டும்' என்று தெரிந்தால் பாதிதான் தெரியும். அதற்குப் பின்னால் 'டு' வருமா, வேறெது வரும் என்பது மீதிப் பாதி. நம் பிள்ளைகள் வாக்கியத்தில் சறுக்குகிற இடம் துல்லியமாக இதுதான்.

ஹார்ன்பியின் அகராதி ஒவ்வொரு சொல்லோடும் அது நிற்கும் வாக்கியத்தைக் காட்டியது. வினைச்சொற்களுக்கு வாய்பாடு போட்டுக் கொடுத்தது. ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும் ஹார்ன்பியைக் காவலில் வைத்தார்கள். 1942-ல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அதே வருஷம் யுத்தத்துக்கு நடுவில், எதிரி நாட்டான் எழுதிய அந்த அகராதி டோக்கியோவில் வெளியாயிற்று! 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. இன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வாரிசுதான்.

சரி, டாக்காவில் கண்டுபிடித்தது நம் ஊருக்கு வந்ததா?

வந்தது. 1952 வாக்கில் சென்னை மாகாணம் ஆங்கிலத்துக்குப் புதுப் பாடத்திட்டம் கொண்டு வந்தது. எளிய வாக்கிய அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அளந்தெடுத்த சொற்களை அவற்றில் பொருத்திப் பழக்குவது. 'திஸ் இஸ் எ பென்', 'தட் இஸ் எ டோர்' என்று ஆசிரியர் கையை நீட்டிக் காட்ட, வகுப்பே கோரஸ் பாடியது இந்தத் திட்டத்தில்தான். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். 'ஐ ஆம் கோயிங் டு தி டோர்' என்று சொல்லிக்கொண்டே கதவுக்கு நடந்துபோனதை நடித்தே காட்டுவார்கள்.

பாடத்திட்டம் வந்துவிட்டது. ஆசிரியர்? அவரே பழைய முறையில் படித்து வந்தவர். ஆங்கிலத்தைத் தொடங்கி வைக்கும் வகுப்புகளில் இருந்த 27 ஆயிரம் ஆசிரியர்களை மறுபடி பயிற்றுவிக்க, 1950-களின் கடைசியில் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு மாபெரும் இயக்கம் ஒன்று தொடங்கியது. கல்வி உலகம் அதற்கு வைத்த பெயர் 'மெட்ராஸ் பனிப்பந்து'. பனியே பார்க்காத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! உருளும் பனிப்பந்து பெரிதாகிக்கொண்டே போவது போல, முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் அடுத்தவர்களுக்கு என்று பெருகிப் போகும் ஏற்பாடு.

உலகத்தில் வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் யோசித்திருக்க மாட்டார்கள் என்கிற அளவுக்குத் துணிச்சலான முயற்சி. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. முதல் கையில் பாலாக இருப்பது, நாலாவது கைக்குப் போகும்போது நீர்மோராகிவிடும். வாக்கியம் ஏன் என்று புரிந்துகொண்ட ஆசிரியர், புதுப்புதுச் சொல்லைப் பொருத்தி வகுப்பை விளையாட வைத்தார். புரியாதவர் 'திஸ் இஸ் எ பென்'னையும் ஒரு செய்யுள் மாதிரி ஒப்பிக்க வைத்தார். பட்டியல் நெட்டுரு போய் வாக்கிய நெட்டுரு வந்தது.

இதை உள்ளே இருந்தே கவனித்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்து பார்த்தார். வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, 'எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்?' என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள். விடையைத் தேடும் ஆர்வத்தில் மொழி தானாக உள்ளே போகும் என்றார். 'பெங்களூர் புராஜெக்ட்' என்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் படிக்கிறார்கள். வழி சொல்வது! எய்த் க்ராஸ், லெஃப்ட். நம் பூக்கார அம்மா படித்த அதே பள்ளிக்கூடம்.

ஆக, கருவி எல்லாம் நம்மிடம் இருக்கிறது. எவ்வளவு சொல் வேண்டும், எதை முதலில் படிக்க வேண்டும், சொல் எப்படி வாக்கியத்தில் உட்காரும், எப்படி நினைவில் தங்கும். எல்லாவற்றுக்கும் விடை கண்டாயிற்று. அதில் பாதி இந்தியாவில் கண்டது, ஒரு பங்கு நம் மாகாணத்திலேயே கண்டது. அப்படியிருந்தும் தில்லை நகர் மாடியில் 'அபண்டன்ஸ் - மிகுதி' ஏன் ஓயவில்லை?

ஏனென்றால் பட்டியல் விற்பது சுலபம். தினம் இருபது சொல், மாதம் அறுநூறு சொல் என்று போர்டில் எழுதலாம். பெற்றோருக்கும் கட்டிய பணத்துக்கு எண்ணிக்கை தெரிகிறது. 'உங்கள் பையன் இந்த மாதம் நாற்பது சொல்லைத்தான் படித்தான், ஆனால் நாற்பதையும் பயன்படுத்துவான்' என்று எழுதினால் எந்த அப்பா பணம் கட்டுவார்?

வெஸ்ட் காலத்துப் பையன் பாதியில் நின்றான். இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிற்பதில்லை. பன்னிரண்டு வருஷம் படிக்கிறார்கள், மேலே மூன்றோ நாலோ வருஷம் பட்டமும் படிக்கிறார்கள். துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பஸ் ஏறித் திருச்சி கல்லூரிகளுக்கு வருகிற, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிற பிள்ளைகள். வேலை நேர்காணலில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் தொண்டை அடைத்துவிடுகிறது. இவர்களுக்கு நேர்ந்தது சரண்டர் கூட இல்லை. கடைசி பிரீமியம் வரை ஒழுங்காகக் கட்டியாயிற்று. முதிர்வுத் தொகைதான் வரவில்லை. பாலிஸி எடுத்தவனைக் குறை சொல்வதா, பாலிஸியைக் குறை சொல்வதா?

பள்ளிக்கூடம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, இந்த வரலாற்றிலிருந்தே மூன்று காரியம் எடுத்துக்கொள்ளலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

முதலாவது, சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அது எந்த வாக்கியத்தில் உங்களுக்கு எதிர்ப்பட்டதோ அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். 'போஸ்ட்போன்' என்ற சொல்லா? உங்கள் அக்கா கல்யாணம் தள்ளிப் போனதை எழுதுங்கள். பஸ் வராததை, கரண்ட் போனதை, கடன்காரன் வந்ததை எழுதுங்கள். சொந்த வாக்கியம் என்றால் சொந்தமாக இருக்க வேண்டாமா?

இரண்டாவது, ஒரே நாளில் நூறு தடவை சொல்வதைவிட, நாலைந்து நாள் இடைவெளி விட்டு நாலு தடவை பார்ப்பது மேல். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-லேயே எழுதிவிட்டார். பொருளற்ற அசை வேகமாக உதிர்ந்துவிடுகிறது. வாக்கியம் இல்லாத சொல்லும் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படிப்பட்ட அசைதான்.

மூன்றாவது, வெஸ்ட்டின் ஐம்பதுக்கு ஒன்று கணக்கு. திருச்சி மாவட்ட மைய நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கோ போங்கள். ஏதாவது ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை நடுவில் பிரித்து நூறு சொற்கள் படியுங்கள். தெரியாத சொற்களுக்கு விரல் மடக்குங்கள். இரண்டு விரலுக்குள் இருந்தால் அது உங்கள் புத்தகம், எடுத்து வாருங்கள். ஐந்து விரலும் மடங்கினால் கூச்சப்படாமல் அலமாரியிலேயே வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் இருக்கும் குழந்தைகள் புத்தகத்தை எடுங்கள். கல்லூரிப் பிள்ளை ஆறாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆறு மாதம் கழித்து மேல்தட்டுக்குக் கை தானாகப் போகும். நடுவில் ஒருவேளை நிறுத்த நேர்ந்தாலும், அதுவரை படித்த கதை அத்தனையும் உங்களுடையது.